99.9 சதவீதம் சுத்தமான பிளாஸ்மா: நாலு பேப்பர், ஒரு கேள்வி

விரல் நுனியில் ஒரு குத்து, தபால்தலை அளவு சிப்பில் ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடத்தில் ரிசல்ட். மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் துறை இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தக் காட்சியைத்தான் நமக்கு வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறது. தலைமுடியின் தடிமன் அளவுக்குக் குறுகலான கால்வாய்களில் திரவத்தை ஓடவிட்டு வேலை வாங்குகிற துறை இது. தமிழில் நுண்பாய்மவியல் என்கிறார்கள். காட்சி அழகானதுதான். ஆனால் அதற்குள் ஒரு படி ஒளிந்திருக்கிறது: ரத்தத்திலிருந்து அணுக்களை விலக்கி, மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை மட்டும் தனியே எடுப்பது. அந்தப் படியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிற நாலு ஆய்வுக்கட்டுரைகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நிஜமான சிப்கள். மற்ற இரண்டும் சிப்பே வேண்டாம், கையால் சுற்றினால் போதும் என்று சொன்னவை. நாலுமே புத்திசாலித்தனமானவை, படிக்க சுவாரசியமானவை. நாலிலும் எனக்கு ஒரே கேள்விதான்: இந்தப் பிளாஸ்மாவை வெச்சு அடுத்து என்ன டெஸ்ட் செய்யப்போறீங்க?

கேள்வி எளிமையாகத் தெரியலாம். ஆனால் இந்தத் துறை தன்னைத் தானே அளந்துகொள்வது வேறு அளவுகோலில். எத்தனை சதவீதம் அணுக்கள் விலகின, பிளாஸ்மா எவ்வளவு சுத்தம் என்பதுதான் கட்டுரைச் சுருக்கத்தில் முன்னால் நிற்கும். 99 என்றால் நல்லது, 99.9 என்றால் இன்னும் நல்லது. அடுத்து வரும் டெஸ்டிலிருந்து பின்னோக்கி வாசித்தால் மதிப்பெண் பட்டியல் நிறையவே மாறுகிறது என்பது என் வாதம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை ஹீமடோக்ரிட் என்கிறார்கள். நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விரல் குத்தி 50 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் அதில் பிளாஸ்மா 27.5 மைக்ரோலிட்டர். ஒரு துளி கூட வீணாகாமல் பிரித்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. கிடைப்பதில் பாதியைத்தான் வெளியே எடுக்க முடிகிறது என்றால் சுமார் 14 மைக்ரோலிட்டர். கால்வாயின் மூலைகளில் தங்கிப்போவது இதிலும் கழியும்.

இன்னொரு எண். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. 99.9 சதவீதத்தை விலக்கிவிட்டோம் என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு இன்னும் 5,000 அணுக்கள் தப்பி வந்திருக்கின்றன. இது பெரிய எண்ணா சின்ன எண்ணா? டெஸ்டைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். கொலஸ்ட்ரால் பார்ப்பதற்கு இது பெரிய பிரச்சினையாக இருக்காது. எச்.ஐ.வி. வைரஸ் அளவைப் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே கவலை வெள்ளையணுக்கள். வைரஸின் மரபணு நகல் வெள்ளையணுக்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையில் கொஞ்சமே தப்பி வந்தாலும், சில வகை டெஸ்டுகளில் அவை கணக்கை ஏற்றிக் காட்டிவிடும்.

ஒன்று: பிரின்ஸ்டனின் தூண் காடு

2004-இல் பிரின்ஸ்டன் குழு (ஹுவாங், காக்ஸ், ஆஸ்டின், ஸ்டர்ம்) 'சயன்ஸ்' இதழில் ஒரு புதுப் பிரிப்பு முறையை வெளியிட்டது. கால்வாய்க்குள் நுண்ணிய தூண்களை வரிசை வரிசையாக நட்டு, ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து துளி பக்கவாட்டில் நகர்த்தி வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சின்னதாக இருக்கும் துகள், தண்ணீர் போகும் வழியிலேயே வளைந்து வளைந்து நேராகப் போய்விடும். அதைவிடப் பெரிய துகள் ஒவ்வொரு தூணிலும் இடித்து, ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை பக்கவாட்டில் தள்ளப்படும். கடைசியில் பெரியவை ஒரு ஓரமும் சிறியவை இன்னொரு ஓரமுமாக ஒதுங்கிவிடும். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கிடையாது. ஒரு துகள் எந்தப் பக்கம் போகும் என்பதை அதன் அளவு தீர்மானித்துவிடுகிறது. எனக்கு இதைப் படிக்கும்போது நன்றாக எழுதப்பட்ட ஒரு சார்ட்டிங் அல்காரிதத்தைப் பார்ப்பது போலவே இருந்தது.

2006-இல் அதே குழு இதை ரத்தத்துக்குப் பயன்படுத்தி, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதியது. வெள்ளையணு, சிவப்பணு, பிளேட்லெட் எல்லாவற்றையும் விலக்கி, ஏறக்குறைய நீர்க்கவே இல்லாத பிளாஸ்மாவை எடுத்துக் காட்டினார்கள். 'நீர்க்காத' என்ற சொல் முக்கியம். இந்தத் துறையில் ரத்தத்தைப் பத்து மடங்கு நீர்க்க வைத்துவிட்டுப் பிரித்துக் காட்டுகிற கட்டுரைகள் ஏராளம். நீர்த்த ரத்தத்தில் அணுக்கள் தள்ளித் தள்ளிப் போகும், பிரிப்பது சுலபம். அந்தக் குறுக்குவழியில் போகாததற்காகவே இந்தக் கட்டுரைக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் அதே கட்டுரையின் சுருக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: வேகம், அதிகபட்சம் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர். விரல் குத்தி எடுத்த 50 மைக்ரோலிட்டர் இதில் ஓடி முடிக்க 50 நிமிடம் ஆகும். ரத்தம் அந்த நேரத்தில் சும்மா இருக்காது. உறையத் தொடங்கும், உறையாமல் தடுத்தாலும் அணுக்கள் கனத்தில் கீழே படியும், காட்டுக்குள் எங்கோ ஒரு இடுக்கில் அடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறைய தூண் காடுகளை வைத்து ஓட்டலாமே என்றால், ஓட்டலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிளாஸ்மா தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இயற்பியலாகப் பார்த்தால் நாலில் இதுதான் ஆழமான வேலை. நோயாளி பக்கத்தில் வைக்கும் கருவியாகப் பார்த்தால், டெஸ்டே இல்லாத பிரிப்பு.

இரண்டு: முட்டை அடிக்கும் கருவி

2008-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு நேர் எதிர்த்திசையில் போனது. கையால் சுற்றும் முட்டை அடிப்பானை எடுத்து, அதன் சுழலும் கம்பியில் ரத்தம் நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை டேப் போட்டு ஒட்டினார்கள். சில நிமிடம் சுற்றினால் அணுக்கள் ஒரு முனைக்கு ஒதுங்கிவிடும், பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். மைக்ரோஃப்ளூயிடிக்ஸின் முன்னோடிகளில் ஒருவரே முட்டை அடிப்பானைத் தூக்கியதில் ஒரு கிண்டல் இருக்கிறது. அது வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன்.

படிக்கச் சிரிப்பாக இருந்தாலும், இந்த நாலு கட்டுரைகளில் என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். பிரித்த பிளாஸ்மாவை அப்படியே எடுத்துக் கொலஸ்ட்ரால் டெஸ்டும் செய்து காட்டினார்கள். பிரிப்பு ஒரு பக்கம், டெஸ்ட் இன்னொரு பக்கம் என்று விடாமல் இரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. டேப் போட்டு ஒட்டிய குழாய் பிய்த்துக்கொண்டால் அறை முழுக்க ரத்தம் தெறிக்கும். சில நிமிடம் ஒரே வேகத்தில் கையால் சுற்றுவதும் எளிதல்ல. முகாமில் நாற்பதாவது நோயாளி வரும்போது சுற்றுபவரின் கை முதல் நோயாளிக்குச் சுற்றிய மாதிரி சுற்றாது.

மூன்று: ஐந்து மைக்ரோலிட்டர், பம்ப் கிடையாது

2011-இல் வந்த 'சிம்பாஸ்' என்ற சிப், பெர்க்லியின் லூக் லீ உள்ளிட்டோரின் வேலை. இதற்கு பம்ப் வேண்டாம், குழாய் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சிப்பைச் செய்திருக்கும் சிலிகோன் ரப்பரில் நுண்ணிய அளவில் காற்று ஊடுருவும். முன்கூட்டியே அந்தக் காற்றை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டால், பையைப் பிரித்ததும் அந்த ரப்பரே காற்றை இழுக்கத் தொடங்கும், கூடவே ரத்தத்தையும் கால்வாய்க்குள் இழுக்கும். வழியில் ஒரு பள்ளம். கனமான அணுக்கள் அதில் விழுந்து தங்கிவிடும், மேலே பிளாஸ்மா மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வாய்க்காலில் மண்டி தங்குவதற்குக் குழி வெட்டி வைப்பது போலத்தான். 5 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், பத்து நிமிடத்தில் முடிவு. பள்ளத்தில் தங்கும் அணுக்கள் 99.9 முதல் 100 சதவீதம்.

நாலில் நேர்த்தியான வடிவமைப்பு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் டெஸ்டும் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிற டெஸ்ட் எது என்று பாருங்கள். ரத்தத்தில் பயோட்டினைச் சேர்த்து, அதை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பிடிப்பதைக் காட்டுகிறார்கள். உயிரியலில் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில் மிக வலுவான ஜோடிகளில் ஒன்று இது. ஒட்ட வைத்தே தீரும் ஜோடியை வைத்து ஒட்டுகிறது என்று நிரூபித்த மாதிரி. ட்ரோபோனின் மாதிரி நிஜமான நோய்க்குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடி இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. பிளாஸ்மாவில் இருக்கும் ஆயிரம் வேறு புரதங்களும் நடுவில் வந்து ஒட்டப் பார்க்கும். எங்கள் தொழிலில் இதை 'டெமோ டேட்டா' என்போம். அமைப்பு வேலை செய்கிறது என்று காட்ட அது போதும். நிஜமான தரவு வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆசிரியர்கள் நேர்மையானவர்கள். தங்களுக்குக் கிடைப்பது பிளேட்லெட் கலந்த பிளாஸ்மா என்று சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிறகு இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் 99.9-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பிளேட்லெட்டை விட்டுவிடுவதுதான் எனக்கு உறுத்தல்.

நான்கு: காகிதச் சுழலி

2017-இல் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழு வெளியிட்ட 'பேப்பர்ஃப்யூஜ்' பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து இழுத்து இழுத்துச் சுற்றி விளையாடியிருக்கிறோமே, அதே தத்துவம். மூடிக்குப் பதிலாகக் காகிதத் தட்டு, அதில் ரத்தம் நிரப்பிய நுண்குழாய். முதல் ஆசிரியர் சாத் பாம்லா ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர். விலை 20 அமெரிக்க சென்ட். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பிளாஸ்மா, 15 நிமிடத்தில் மலேரியா கிருமியைத் தனியே ஒதுக்குவது. செய்திகளில் அந்த 1,25,000 தான் ஓடியது.

அந்த எண் உண்மைதான், ஆனால் பிளாஸ்மாவுக்கு அது தேவையில்லாத எண். சாதாரண லேப் சென்ட்ரிஃப்யூஜ் புவியீர்ப்பைப் போல சுமார் 2,000 மடங்கு விசையில் பத்து நிமிடம் சுற்றினால் பிளாஸ்மா பிரிந்துவிடும். நமக்கு முக்கியமான எண் அந்த ஒன்றரை நிமிடம். அதற்கு அடுத்த கேள்வி: பிரிந்த பிளாஸ்மா தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கிறது, அதை யார், எதை வைத்து, கலங்காமல் வெளியே எடுப்பது? சுற்றுவதற்கு மின்சாரம் இல்லாத இடத்தில், எடுப்பதற்கு மட்டும் மைக்ரோபிப்பெட் இருக்குமா?

இங்கே நான் இந்தக் கட்டுரையைக் குறை சொல்வதை விட, தப்பான காரணத்துக்காகக் கொண்டாடப்பட்டது என்றுதான் சொல்வேன். ஒரு டெஸ்டுக்கு இந்தக் கருவி கச்சிதமாகப் பொருந்தும்: ஹீமடோக்ரிட். குழாயில் சிவப்பு எவ்வளவு உயரம், மொத்தம் எவ்வளவு உயரம் என்று அளந்தால் ரிசல்ட் கையில். பிளாஸ்மாவை வெளியே எடுக்கவே வேண்டாம், பிரிப்பதுதான் டெஸ்ட். 2011-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, கீரையை உதறி உலர்த்தும் சுழல்கூடையை வைத்து ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி வந்தது. அது இந்தப் புள்ளியைச் சரியாகப் பிடித்தது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைப் பார்க்க 1,25,000 சுற்று வேண்டாம், ஒழுங்காகப் பிரிந்த ஒரு குழாயும் ஒரு அளவுகோலும் போதும்.

உடைந்த அணுவை யாரும் எண்ணுவதில்லை

இப்போது அந்த 99.9-க்கு வருவோம். இந்த எண் எப்படி வருகிறது? உள்ளே போன அணுக்களையும் பிளாஸ்மாவில் தப்பி வந்த அணுக்களையும் எண்ணி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குறுகலான இடத்தில் நசுங்கி உடைந்துபோன சிவப்பணு இனி அணு இல்லை, எண்ணிக்கையில் வராது. அதாவது, ஒரு சிப் அணுக்களை உடைக்க உடைக்க, அதன் 'சுத்தம்' கூடிக்கொண்டே போகலாம்!

உடைந்த அணுவுக்குள் இருந்ததெல்லாம் பிளாஸ்மாவில் கலந்துவிடும். இதை ஹீமாலிசிஸ் என்கிறார்கள். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். ஒரு லிட்டருக்கு சுமார் 100 மில்லிமோல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் 450 மில்லி அணுக்கள். அதில் ஒரே ஒரு சதவீதம், 4.5 மில்லி, உடைகிறது. வெளியே வருவது 0.45 மில்லிமோல். அது 550 மில்லி பிளாஸ்மாவில் கலக்கிறது. பொட்டாசியம் அளவு சுமார் 0.8 ஏறிவிடும்.

இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. உண்மையில் 4.2 இருப்பவருக்கு 5.0 என்று காட்டினால் டாக்டர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார், அத்தோடு போகும். ஆனால் தொடர் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் 2.8-க்கு இறங்கி, இதயத்துடிப்பே தடுமாறும் நிலையில் இருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இந்தக் கருவி 3.6 என்று காட்டும். நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிளாஸ்மாவின் சுத்தம் 99.9 ஆகவே இருந்திருக்கலாம்.

லேப்பில் இந்தத் தவறு கண்ணில் படும். ஒரு சதவீதம் உடைந்தாலே குழாயில் பிளாஸ்மா நன்றாகச் சிவந்து தெரியும், டெக்னீஷியன் வேறு சாம்பிள் கேட்பார். சிப்பில் கால்வாயின் ஆழம் 50 மைக்ரான் என்றால், பத்து மில்லிமீட்டர் குழாயை விட 200 மடங்கு மெலிசு. அதே சிவப்பு அங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆக, சின்னதாக்கும்போது பழைய முறையில் தானாகக் கிடைத்த ஒரு பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. பிரித்த பிளாஸ்மாவில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அளந்து சொல்லும் கட்டுரைகளும் இருக்கின்றன. அந்த எண்ணும் 99.9-க்குப் பக்கத்திலேயே, சுருக்கத்தின் முதல் வரிகளில் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

யாருடைய ரத்தம்?

இன்னொரு விஷயம். 40-45 சதவீத ஹீமடோக்ரிட் உள்ள, ஆரோக்கியமான ஒருவர் கொடுத்த ரத்தத்தில் நன்றாக ஓடும் சிப், நோயாளியிடம் என்ன செய்யும்? கடுமையான ரத்தசோகையில் ஹீமடோக்ரிட் 20-க்குப் பக்கத்தில் இறங்கும். டெங்குவில் நிலைமை கெடும்போது பிளாஸ்மா ரத்தக்குழாயிலிருந்து கசிந்து, ஹீமடோக்ரிட் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறுவது ஒரு முக்கியமான அபாய அறிகுறி. பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே 60-ஐத் தொடலாம். ஹீமடோக்ரிட் ஏற ஏற ரத்தம் கெட்டியாகும், அதுவும் நேர்க்கோட்டில் ஏறாது. ஓரத்தில் ஓடும் அணு இல்லாத மெல்லிய அடுக்கும் ஒடுங்கிவிடும். அந்த அடுக்கை உறிஞ்சித்தான் பல சிப்கள் பிளாஸ்மா எடுக்கின்றன. யாருக்கு டெஸ்ட் அவசரமோ அவருடைய ரத்தத்தில்தான் சிப் திணறும்.

வீட்டில் இருக்கிற சர்க்கரை பார்க்கும் மீட்டருக்கே இந்தப் பிரச்சினை உண்டு. ஹீமடோக்ரிட் ஏறினால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் 2013-இன் ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலை, வெவ்வேறு ஹீமடோக்ரிட்டில் மீட்டரைச் சோதித்துக் காட்டச் சொல்கிறது. கடையில் விற்கிற மீட்டருக்கு இருக்கிற இந்தக் கட்டாயம், பிளாஸ்மா பிரிக்கும் ஆய்வுக்கட்டுரைகளுக்கு வழக்கமாகக்கூட ஆகவில்லை.

உண்மையில் ஜெயித்தவை

நோயாளி பக்கத்தில் நிஜமாகவே உட்கார்ந்த கருவிகளைப் பார்த்தால், அவை எல்லாம் டெஸ்டிலிருந்து தொடங்கியிருக்கின்றன. 1980-களின் நடுவில் வந்த ரிஃப்ளோட்ரான் கருவியின் ஸ்ட்ரிப்பில் ஒரு கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தது. ரத்தம் ஊறும்போது அணுக்கள் இழைகளில் தங்கிவிடும், பிளாஸ்மா மட்டும் ரசாயன அடுக்குக்குப் போகும். பிரிப்பது ஒரு தனி வேலையாகவே அதில் தெரியாது. ஐ-ஸ்டாட் கருவி பொட்டாசியத்தை முழு ரத்தத்திலேயே மின்முனையால் அளக்கிறது, பிரிப்பதே இல்லை. மலேரியா ஸ்ட்ரிப் இன்னும் ஒரு படி மேலே போய், அணுக்களை வேண்டுமென்றே உடைத்துவிடுகிறது. தேடுகிற புரதம் உள்ளேயும் இருக்கிறதே!

பிரிக்காமல் விடுவதற்கும் விலை உண்டு. முழு ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கும்போது அணு உடைந்திருக்கிறதா என்று தெரியாது, சிவப்புக்குள் சிவப்பு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அபாக்சிஸ் நிறுவனத்தின் பிக்கோலோ. உள்ளங்கை அளவு வட்டத் தட்டில் சுமார் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விட்டால், கருவி அதைச் சுழற்றிப் பிரித்து, அளந்து நீர்க்க வைத்து, உலர்ந்த ரசாயன மணிகளோடு கலந்து, சுமார் 12 நிமிடத்தில் ரிசல்ட்டை அச்சடிக்கும். பிடித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. பிரித்த பிளாஸ்மாவில் அணு உடைந்திருக்கிறதா, கொழுப்பு கலங்கியிருக்கிறதா, மஞ்சள் கூடியிருக்கிறதா என்று அதுவே அளக்கும். உடைசல் அதிகம் என்றால், பாதிக்கப்படும் டெஸ்டுக்கு எதிரே எண்ணைப் போடாது, ஹீமாலிசிஸ் என்பதன் சுருக்கத்தைப் போட்டுவிடும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் எல்லாருக்கும் தெரிந்த தெரனோஸ். விரல்ரத்தம் போதாமல், அதை நீர்க்க வைத்து, பெரிய சாம்பிளுக்காகச் செய்யப்பட்ட வெளி நிறுவனத்தின் கருவிகளில் ஓட்டினார்கள். நீர்க்க வைத்தால் அளக்க வேண்டிய பொருளும் நீர்க்கும். கருவி எந்த எல்லைக்குள் நம்பகமானதோ அதற்கு வெளியே போய்விடும். பிக்கோலோவும் நீர்க்க வைக்கிறது, ஆனால் அதன் ரசாயனமும் ஒளி அளவீடும் அந்த நீர்ப்புக்காகவே வடிவமைத்தவை. தெரனோஸ் கதையைப் படித்துவிட்டு 'ஒரு சொட்டு ரத்தம் என்றாலே ஏமாற்று' என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கட்டுரை விளம்பரம் இல்லையே?

என் வாதத்துக்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. ஒரு புதுத் தத்துவத்தை முதன்முதலில் காட்டும் கட்டுரையிடம் மருத்துவமனைத் தரத்தை எதிர்பார்ப்பது நியாயமா? பிரின்ஸ்டன் குழுவிடம் 'எந்த டெஸ்டுக்கு?' என்று 2004-லேயே கேட்டிருந்தால் அந்த இயற்பியல் பிறந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். 2004 கட்டுரைக்கு என் கேள்வி பொருந்தாது. அது நுண்துகள்களைப் பற்றியது, அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

ஆனால் ஒரு கட்டுரையின் முதல் பத்தி 'வளரும் நாடுகளில்', 'நோயாளியின் படுக்கை அருகே', 'மின்சாரம் இல்லாத கிராமங்களில்' என்று தொடங்கினால், அந்தக் கிராமத்து நோயாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டது ஆசிரியர்தான், நான் இல்லை. கூப்பிட்ட பிறகு அவருடைய ரத்தத்தின் ஹீமடோக்ரிட் என்ன, அவருக்கு என்ன டெஸ்ட் என்று நான் கேட்பதில் தப்பில்லை. அந்த முதல் பத்திக்காகத்தான் நிதி கிடைக்கிறது, செய்தி வருகிறது, நாமும் பகிர்கிறோம்.

அதனால் அடுத்த முறை 'ஒரு சொட்டு ரத்தம்' செய்தி உங்கள் டைம்லைனில் வரும்போது, சதவீதத்தைத் தாண்டி நாலு விஷயம் தேடிப் பாருங்கள். நீர்க்காத பிளாஸ்மா எத்தனை மைக்ரோலிட்டர், எத்தனை நிமிடத்தில்? 25-லும் 55-லும் இருக்கும் ஹீமடோக்ரிட்டில் ஓட்டினார்களா? உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினை அளந்தார்களா? அந்தப் பிளாஸ்மாவில் ஒரு நிஜ டெஸ்டைச் செய்து, அதே நோயாளியின் சிரை ரத்தத்தில் லேப் கொடுத்த முடிவோடு ஒப்பிட்டார்களா?

நாலுக்கும் பதில் இருக்கிற கட்டுரை கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள். அதில் சுத்தம் 98 சதவீதம் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை.